கரடிக்குக் கேட்கப் பேசியவர்

மியூனிக்கிலிருந்து ரயிலில் போய் ஏறும் அந்த மலைப்பாதையில், கரடியின் தடம் கண்டதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மனைவி இறந்த பிறகு நான் தனியாகவே நடந்து வந்தேன். அங்கேதான் அவரைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான யாழ்ப்பாணத்தவர். ஒவ்வொரு திருப்பத்திலும், "வாறன், விலகுங்கோ" என்று காட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுவார். ஆள் வருவது தெரிந்தால் கரடி தானே ஒதுங்கிவிடுமாம்.

என் முதுகுப் பையின் அடியில் கிடந்த, விலங்குகளை விரட்டும் மிளகு ஸ்பிரேயை எடுத்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"அண்ணை, இது நாய்க்கு அடிக்கிறது. கரடிக்குத் தூரத்துக்குப் பாயிற பெரிய டப்பா வேணும். அதையும் பைக்குள்ளை வைச்சால், கரடியிட்டைக் கொஞ்சம் பொறு எண்டு சொல்லுவியளோ?"

தன்னுடையதை நெஞ்சுப் பட்டியில் செருகியிருந்தார். காற்று எதிரே வீசினால் மருந்து நம் கண்ணுக்கே வரும் என்றார். பிறகு குரல் தணிந்தது.

"ரெண்டு பேர் கதைச்சுக்கொண்டு போனால் இதுக்கு வேலையே இல்லை. வாற சனியும் வருவியளோ?"

"ஓம், எட்டு மணி ரயிலிலை வாறன்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை நான் போகவில்லை. அவர் அதிகம் பேசுகிறார் என்று நினைத்தேன். பெயரோ தொலைபேசி எண்ணோ கேட்டு வைக்காததால், வரவில்லை என்று சொல்லவும் வழியில்லை. மலையடிவார ரயில் நிலையத்தில் அவர் எத்தனை ரயில்களைப் பார்த்து நின்றாரோ, எனக்குத் தெரியாது. அன்று எனக்குக் காய்ச்சலும் இல்லை, வெளியே மழையும் இல்லை.