மீனுக்குக் குடி பார்த்த கதை

எனக்கு எழுத்து அவ்வளவு வராது, மறதியும் கூட, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் வாவிக்கரையில் மீன் ஆராய்ச்சி செய்த ஒரு விஞ்ஞானி அம்மாவிடம் தொட்டி கழுவும் வேலை பார்த்தேன். ஒரு தாய் மீனின் குஞ்சுகளை வளர்த்து, அதுகளையே சோடி சேர விடுவா. எங்கட பக்கம் ஒரே தாய்வழிக் குடிக்குள் கலியாணம் இல்லை. மனம் கேட்காமல், ஆண்மீன்களை அடுத்த தொட்டி ஆண்மீன்களோடு மாற்றிவிட்டேன்.

குஞ்சு பொரித்த பிறகுதான், பரம்பரையும் மூளைச் சுரப்பும் படிக்க ஒரே தாய்வழிக் குஞ்சுகள் வேண்டும் என்று அவ சொன்னா. வேலை போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொன்னேன்.

"மீனுக்கும் குடி பார்த்தியா, பிள்ளை?" என்று சிரித்தா. "நீ சொல்லாட்டி நான் பிழையாத்தான் எழுதியிருப்பன்."

ஒரு வருச வேலையைத் திரும்பத் தொடங்கினோம். எந்தத் தொட்டியில் எந்த மீன் என்று குறித்து வைக்கும் தொட்டிக் கொப்பியையும் என்னிடமே தந்தா. அந்த நன்றி மாறாது. அந்தக் கொப்பி எங்காவது இருந்தால், யாராவது ஒத்துப் பார்த்து நான் சொன்ன இந்தக் கதையில் உள்ள பிழைகளைத் திருத்துங்கள்.