யோகனும் நானும் சேர்ந்து படிச்ச சட்டம்

யோகன் போயிட்டார். இண்டைக்குக் காலமை, விபோர்க் ஆஸ்பத்திரியில.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாதெண்டு இந்தக் குரூப்பில உங்கள் எல்லாருக்கும் தெரியும். போனுக்குச் சொல்லுறன், அது எழுதுது. பிழையிருந்தால் போனைத் திட்டுங்கோ.

மத்தியானத்துக்கிடையில எல்லாரும் அவரின்ர படத்தைப் போட்டிட்டியள். எல்லாத்திலயும் கோட், டை. டேனிஷ் அரசாங்கத்தின்ர வக்கீல், நகரசபை மெம்பர் எண்டு...

என்னட்ட இருக்கிற படத்தில அவருக்கு வெள்ளை ரப்பர் பூட்ஸ், தலையில வலைத்தொப்பி. பக்கத்தில நான். அதே பூட்ஸ், அதே தொப்பி. பண்டியிறைச்சி வெட்டுற ஃபாக்டரி.

ஓர்ஹூஸ் யூனிவர்சிட்டியில சட்டம் படிச்சுக்கொண்டு லீவுக்கு லீவு எங்களோட இறைச்சி ஓடுற பெல்ட்டில நிண்டவர். பிரேக்கில புத்தகத்தை விரிச்சு டேனிஷில வாசிப்பார், பிறகு தமிழில விளங்கப்படுத்துவார். "அண்ணை, இதை உங்கட தலைக்க வைச்சிருங்கோ. நாளைக்குக் கேப்பன்."

அடுத்த நாள் மிசின் சத்தத்துக்கு மேலால நான் கத்திச் சொல்லுவன். ஒரு சொல் பிசகாது. அவர் ரெண்டு தரம் தடுமாறுவார்.

அவர் பாஸ் பண்ணினார். நான் பெல்ட்டிலயே நிண்டன்.

அவரின்ர முதல் வழக்குக்குப் போய்ப் பின் பெஞ்சில இருந்தனான். அவர் இருநூற்றி நாற்பத்திநாலாம் பராகிராஃப் சொன்னார், அடிதடிக்கான சட்டப்பிரிவு. என்ர வாயும் சேர்ந்து சொன்னது... ஜட்ஜ் அம்மா அவரைத்தான் பார்த்தா.

வயிறு எரிஞ்சது. பொய் சொல்ல மாட்டன்.

ஆளைப் பார்த்துச் சட்டம் பேசக்கூடாதெண்டு நிண்ட மனுசன். எங்கட தமிழ்ப் பெடியன் ஆரும் கத்தியோட பிடிபட்டாலும் தண்டனை கேட்டார். சின்னக் குற்றத்துக்கு ஆளை நாட்டை விட்டு அனுப்பக்கூடாதெண்டும் சொன்னார். முதலாவதுக்கு எங்கட ஆக்கள் திட்டினவை, ரெண்டாவதுக்கு டேனிஷ்காரர் திட்டினவை.

பென்ஷன் எடுத்தாப்பிறகு நகரசபை எலக்ஷனில நிண்டார். மண்டபத்தில கூட்டம். பிரஜாவுரிமைக்கு எழுத்துப் பரீட்சை வேணுமோ எண்டு ஆரோ கேக்க, "ஓம், கட்டாயம் வேணும்" எண்டார்.

நான் எழும்பினன். அந்தப் பரீட்சையாலதானே எனக்கு இன்னும் டேனிஷ் பாஸ்போர்ட் இல்லை.

"யோகன், இருநூற்றி நாற்பத்திநாலாம் பராகிராஃப் முழுக்கச் சொல்லட்டே?"

சனம் சிரிச்சுது. அவர் சிரிக்கேல்லை. "உங்களுக்குத் தெரியுமெண்டு எனக்குத் தெரியாதோ அண்ணை? ஆனா எழுதிக் காட்டவேணும். உங்களுக்கெண்டு ஒரு சட்டம் போடேலாது."

"நீர் படிச்சது ஆரின்ர வாயால?"

"உங்கட வாயாலதான்." அவ்வளவு சனத்துக்கு முன்னால சொன்னார். ஆனா பேச்சை மாத்தேல்லை.

பாஸ்போர்ட் இல்லாட்டியும் நகரசபைக்கு வாக்கு இருக்கு எனக்கு. எலக்ஷனுக்கு முதல், மாதிரி வாக்குச்சீட்டோட, வாசிக்கத் தெரியாத ஆக்களின்ர வீடு வீடா வந்தார். என்ர விரலைப் பிடிச்சு வைச்சுக் காட்டினார். "எங்கட கட்சியில மேலயிருந்து ஏழாவது பேர். நேர இருக்கிற கட்டத்தில புள்ளடி. சரியோ அண்ணை?"

எலக்ஷனண்டைக்கு நான் எட்டாவதுக்குப் போட்டன்.

வேணுமெண்டுதான். அது ஆரின்ர பேரெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் வெண்டார். அண்டைக்கு முதல்முதல் வந்தது என்ர வீட்டுக்குத்தான், கேக்கோட. என்ர மனிசியிட்டச் சொன்னார், "அக்கா, அண்ணையின்ர புள்ளடிதான் எனக்கு முதல் புள்ளடி."

நான் "ஓம்" எண்டன். கேக்கும் சாப்பிட்டன்.

போன கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனது இதைச் சொல்லத்தான். வாயைத் திறக்க முதல் அவர் கேட்டார், "அண்ணை... இருநூற்றி நாற்பத்திநாலு?"

சொன்னன்.

"ஒரு சொல்லை விட்டிட்டியள்."

"விடேல்லை." சாகக் கிடக்கிற மனுசனோட சண்டை பிடிச்சன். திருப்பியும் சொன்னன், மெதுவா, சொல்லுச் சொல்லா.

கண்ணை மூடிக் கேட்டார். "அப்ப நான்தான் மறந்திட்டன்" எண்டார்.

எனக்கு அது போதுமெண்டு இருந்தது... அந்தச் சந்தோசத்தில மற்றதைச் சொல்லாமல் வந்திட்டன்.

நகரசபை வாசலில கொடியை அரைவாசிக்கு இறக்கியிருக்கினமாம். இறக்கட்டும்.

யோகன், நான் எட்டாவதுக்குப் போட்டனான். நீர் காட்டின ஏழு எனக்கு நல்ல ஞாபகம் இருந்தது.

போயிட்டு வாரும்.