ஆட்டுக்குட்டையில் ஒன்றும் நீந்தவில்லை

தப்பு, ஆம்பூர்க்காரரே, முழுத் தப்பு. "மூளையே இல்லாத ஒற்றை செல் பிராணி முட்டிக்கொண்டால் திரும்பிப் போகுமா? பெரியவரே, தண்ணி போட்டுக்கொண்டு எழுதினீர்களா?" என்று போன பதிவுக்குக் கீழே கேட்டிருக்கிறீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் என் மகள் செல்வி வேலூரில் அந்தப் பிராணியைத்தான் ஆராய்கிறாள். பெயர் பாரமீசியம். செருப்பு வடிவம், உடம்பெல்லாம் முடி, அந்த முடிதான் துடுப்பு. எதிலாவது முட்டினால் அதன் தோலிலுள்ள கதவுகள் திறந்து, வெளித் தண்ணீரிலிருந்து கால்சியம் உள்ளே பாயும். துடுப்புகள் எதிர்ப்பக்கம் அடிக்கும், பிராணி பின்வாங்கும். பிறகு கால்சியத்தை வெளியே இறைத்துவிட்டு வேறு திசையில் கிளம்பும். மூளை எதற்கு? உங்களுக்கு இருந்தும் திரும்பக் காணோமே.

சென்ற ஆண்டு ஜவ்வாது மலையில் ஒரு குட்டையில் செல்விக்கு அதிசய வகை ஒன்று கிடைத்தது. முட்டினாலும் பின்வாங்காது. கதவே திறப்பதில்லை, முட்டிய இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். ('உன் அம்மாவும் அந்த வகைதான்' என்று செல்வியிடம் சொல்லி ஒரு வேளைச் சோறு இழந்தேன்.) அவள் ஆய்வு முழுவதும் அதை நம்பித்தான். கோடையில் மின்சாரம் போய், ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததெல்லாம் செத்துவிட்டது. இந்த வருடத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். அதனால் போன சனிக்கிழமை அவளும் நானும் மறுபடி அந்தக் குட்டைக்கே கிளம்பினோம்.

வேலூரில் காலை 6.10க்கு பஸ், ஒடுகத்தூரில் 7.40. மலைக்கு பஸ்ஸை நம்பாதீர்கள். ஆட்டோ போய்வர 900 ரூபாய், ஒரு வழிக்குப் 18 கிலோமீட்டர். இட்லியைக் கீழேயே முடித்துவிடுங்கள். அன்று வெயிலே வரவில்லை. செல்வி மடியில் காலி பாட்டில்கள்.

"இன்னா பெரியவரே, தண்ணி எடுக்கவா மலை ஏர்றீங்க? கீழயே கேன் கெடைக்குதே" என்றார் ஆட்டோக்காரர்.

"அதுல உயிர் இல்லப்பா."

"இருந்தா கேஸ் போட்டுடுவாங்க."

செல்வி சிரிக்கவில்லை.

வளைவிலேயே தெரிந்துவிட்டது. இலை அழுகிப் பாசி பிடித்துக் கிடந்த குட்டையின் கரையெல்லாம் வெள்ளை. பக்கத்துச் சாமைக் கொல்லைக்காரர் ராணியக்கா ஓடி வந்தார்.

"வாங்க மேடம்! பாத்தீங்களா? போன தபா கண்ணாடில காட்னீங்களே, எத்தினி பூச்சி! ஊருக்கே ஒடம்பு கூசிப்போச்சு. ஆடு குடிக்குது, புள்ளைங்க எறங்குது. வூட்டுக்கு ஒரு ஆளு நின்னு தூர் வாரி, மூணு மூட்டை சுண்ணாம்பு கொட்னோம்."

நுண்ணோக்கியில் காட்டியது செல்விதான். 'எவ்ளோ அழகு பாருங்கக்கா' என்று ஊரையே வரிசையில் நிற்க வைத்தாள்.

சுண்ணாம்பு என்றால் கால்சியம்தான், ஆம்பூர்க்காரரே. துளியிலும் துளி உள்ளே வந்தாலே வழி மாறும் பிராணிக்கு மூட்டைக்கணக்கில் கொட்டியிருந்தார்கள். கதவு திறக்காத வகைக்கும் அந்தக் காரத்திலிருந்து தப்ப வழியில்லை.

செல்வி நுண்ணோக்கியைப் பாறையில் வைத்தாள். கரையோரத்தில் ஒரு துளி, நடுவிலிருந்து ஒரு துளி, மதகோரம் ஒன்று. நெடுநேரம் பார்த்தாள். ராணியக்கா குனிந்து, "இப்ப சுத்தமா மேடம்?" என்றார்.

"சுத்தமா இருக்குக்கா. ஒண்ணுமே இல்ல."

ராணியக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஆடுகளைக் குரல் கொடுத்து அழைத்தார்.

இப்படித் தண்ணீரோ செடியோ தேடி மலையேறுகிறவர்களே, குடையும் குடிநீரும் கொண்டுபோங்கள், மழைக்கு முன் இறங்கிவிடுங்கள். ஊராரிடம் எதையும் காட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அது உங்களுக்கு வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். அழகு என்று மட்டும்தான் நாங்கள் சொல்லியிருந்தோம்.

செல்வியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வழக்கம்போல் சீண்டினேன். "இன்னா இப்ப? முட்டிக்கிச்சு, அவ்ளோதான? உன் பிராணி இன்னா பண்ணும்? கொஞ்சம் பின்னால வரும், உள்ள வந்தத வெளிய எறைக்கும்..."

"அது சாதா வகைப்பா. எனக்கு வேணும்ன்றது அது இல்ல."

"சாதா வகைக்கு இன்னா கொறச்சல்? எறைச்சி முடிச்சதும் அது அப்பறம்..."

வேறு திசையில் கிளம்பும் என்று நான் முடிப்பதற்குள், காலி பாட்டில்களை அப்படியே அள்ளிக்கொண்டு அவள் ஆட்டோவைப் பார்த்து நடந்துவிட்டாள்.