தையலுக்கு விட்ட பத்து கிலோ

என் மனைவி ஆறுமுகத்தாய்க்கு வயது நாற்பத்து மூன்று. தாராவியில் எங்கள் வீட்டு மாடியில் ஐந்து மிஷின் போட்டுப் பை தைக்கிறோம். மிஷினுக்கு முதலாளி நான், எனக்கு முதலாளி அவள். கோபம் வந்தால் கத்திரிக்கோலைத் தேடுவாள், துணி வெட்டத்தான். கோபத்தில் அவள் வெட்டுகிற துணி ஒரு நூல்கூடப் பிசகாது. அதனால் அவசர ஆர்டர் வரும் நாட்களில் நானே ஏதாவது சொல்லிக் கிளப்பிவிடுவதும் உண்டு.

இப்படிப்பட்டவள் போன டிசம்பரிலிருந்து ஞாயிறுதோறும் பறக்கக் கற்றுக்கொள்ளப் போனாள். காரணம் ஒரு ஜிப். செம்பூர் ஷரீஃபுன்னிசா, முப்பது வயதுக்காரி, கர்ஜத் பக்கம் அறுவடை முடிந்த வயலில் பாராமோட்டார் சொல்லிக்கொடுக்கிறவள். விசிறி வைத்த மோட்டாரை முதுகில் கட்டி, துணியாலான விங்கைத் தலைக்கு மேல் விரித்துப் பறக்கிற சமாச்சாரம் அது. அந்த விங்கை அடைக்கும் பையின் ஜிப் போய்விட்டதென்று எங்களிடம் வந்தாள். ஜிப் மாற்றிக் கொடுத்த சந்தோஷத்தில் இவளைத் தன்னோடு உட்காரவைத்து ஒரு சுற்று கூட்டிப்போனாள். அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு போயிற்று.

ஏப்ரலில் ஷரீஃபு, "அக்கா, தரையில கத்துக்க வேண்டியது எல்லாம் ஹோகயா, முடிஞ்சிருச்சு. இனி உங்களுக்குன்னு ஒரு விங் வேணும்" என்றாள். ஜூனில் மழை பிடித்தால் அந்த வயலில் நடவு ஆரம்பித்துவிடும், பிறகு டிசம்பர்தான். அதற்குள் ஒரே ஒரு தடவையாவது தனியாகப் பறந்துவிட வேண்டும் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதுகூடத் திடீரென்று இரண்டு கையையும் மேலே தூக்கி, இல்லாத கயிற்றை இழுத்துப் பார்ப்பாள்.

புதிதாகப் பறக்கிறவர்களுக்குச் சாதுவான விங்தான் சரி, வேகமான ரகம் கூடாது என்று ஷரீஃபு சொல்லிவிட்டாள். அவளுடைய புனே சிநேகிதரிடம் அந்தச் சாதுவான ரகத்தில் இரண்டு இருந்தன, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. எது என்பதை எடைதான் முடிவு செய்யும். ஆள், மோட்டார், பெட்ரோல், ஹெல்மெட், விங் எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ என்று கணக்கு. சாமான்கள் முப்பத்திரண்டு கிலோ என்பது ஷரீஃபுவுக்குத் தெரியும். ஆறுமுகத்தாயின் எடையை மட்டும் வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னாள். இவளுக்கு எழுத்துக் கூட்டி அனுப்ப வராது, அனுப்பியது நான்.

மே முதல் ஞாயிறு பெரிய விங் வந்து சேர்ந்தது. ஊதா நிறம். இவள் தையலை விரலால் தடவிப் பார்த்து, "நம்ம மிஷின்ல இப்படி விழாது" என்று தலையாட்டினாள். இவள் வாயால் அடுத்தவர் தையலைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை. வயலில் விரித்து இழுத்தாள். விங் மேலே எழும்பியது, லேசாகக் காற்று அடித்தது, அவ்வளவுதான். மல்லாக்க விழுந்தவளை வரப்புவரை இழுத்துக்கொண்டு போனது. மூன்று தடவையும் அதே கதை. முழங்கை சிராய்த்துவிட்டது. நானும் கூடவே ஓடி வேட்டியைக் கிழித்துக்கொண்டேன்.

ஷரீஃபுவுக்கு ஏதோ இடித்தது. வயல்காரர் கொட்டகையில் நெல்மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. மோட்டாரும் விங்குமாக இவளை அதில் ஏற்றினாள். எண்பத்தெட்டு.

"தொண்ணூத்தெட்டு வரணுமே அக்கா. பத்து கிலோ எங்க போச்சு? இந்த விங்குக்கு கொறஞ்சது தொண்ணூறு வேணும். லைட்டா இருந்தா காத்து தூக்கிட்டுப் போயிரும்."

ஆறுமுகத்தாய் தரையைப் பார்த்தாள். "நான் அம்பத்தாறுதான். அறுவதுன்னு சொன்னேன். தையலுக்குன்னு கொஞ்சம் துணி கூட விடாம யாராவது வெட்டுவாங்களா? கூடுனா பிடிச்சுக்கிடலாம், கொறஞ்சா என்ன செய்ய?"

"அப்பவும் ஆறு உதைக்குதே" என்று ஷரீஃபு என் பக்கம் திரும்பினாள்.

"அறுவத்தாறுன்னு நான்தான் போட்டேன். எம்பொண்டாட்டி தொங்கப்போற துணி. பெருசா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்" என்றேன்.

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். ஆறுமுகத்தாய் மோட்டாரோடு அப்படியே வைக்கோலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "ரெண்டு பேரும் சேந்து எனக்கு தொளதொளன்னு சட்டை தச்சிருக்கோம்" என்றாள். ஷரீஃபுவும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் பயத்தால் இவளுக்கு ஒரு ஞாயிறு வீணாகிவிட்டது, மீதி நான்குதான் இருந்தன.

புனேக்காரர் மாற்றிக்கொடுக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். சிறிய விங் சாம்பல் நிறம், ஓரத்தில் ஒரு ஒட்டு வேறு. ஒட்டுப்போட்ட பையை எங்கள் மாடியிலிருந்து இறக்கவே விடமாட்டாள் இவள். முகம் சுருங்கிவிட்டது. சோதனைக்கூடத்தில் பார்த்துச் சரியென்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஷரீஃபு காகிதத்தைக் காட்டினாள். மனமில்லாமல் இழுத்தாள். அது எழும்பித் தலைக்கு மேலே வந்து அசையாமல் நின்றது. இரண்டடி வலது போனாள், கூடவே வந்தது. "இது சொன்ன பேச்சு கேக்கு" என்றாள். அன்று முழுக்க அதை வயல் சுற்றிக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

மே கடைசி ஞாயிறு காலை, வானம் ஏற்கெனவே மேகம் கட்டியிருந்தது. ஷரீஃபு இவள் ஹெல்மெட்டில் இருந்த ரேடியோவில் "ஓடுங்க, ஓடுங்க" என்றாள். புடவைக்குப் பதில் டிராக் பேன்ட் போட்ட என் மனைவி பதினைந்து அடி ஓடினாள். பதினாறாவது அடி வைக்கத் தரை இல்லை. வேப்பமரத்துக்கு மேலே போனாள், இடது பக்கம் திரும்பினாள், வயலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் வாயைத் திறந்துகொண்டே நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

எட்டு நிமிஷம் கழித்து இறங்கினாள். நான்கடி ஓடி, விழாமல் நின்றாள்.

"ஏட்டி, மேலேருந்து என்னல்லாம் பாத்த?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பாக்கல. கல்யாணம் ஆகி இருவத்திரண்டு வருசத்துல எட்டு நிமிசம், ஷரீஃபுவத் தவிர யாரும் என்னக் கூப்பிடல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுகிறேன் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஷரீஃபு மேகத்தைப் பார்த்துவிட்டு, மழை வந்து சேர நேரமிருக்கிறது, இன்னும் ஒரு தடவை போகலாம் என்றாள். யாரும் சொல்வதற்கு முன்னால் நான் பெட்ரோல் கேனை எடுக்க ஓடினேன்.