விசிறி வாரின் சதைப் பக்கம்

ஆம்பூரைத் தாண்டியதும் என் பழைய மோட்டாரின் வெப்பமானியில் சிவப்புக் கோடு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. நாலு மணிக்குக் காட்பாடியில் ரயிலிறங்கும் வருங்காலச் சம்பந்தியை என் காரிலேயே அழைத்துப் போவதாக எழுதித் தொலைத்திருக்கிறேன். மூன்று முறை தண்ணீர் ஊற்றியாயிற்று.

மறுபடி ஓரமாக நிறுத்தி எஞ்சின் மூடியைத் திறக்கையில், தோல் பதனிடும் பாய் ஒருவர் எட்டிப் பார்த்து, விசிறியைச் சுற்றும் தோல் வாரைத் தடவுகிறார்.

"இத யாரு மாட்டினது?"

"நான்தான். நேற்று."

"தோலோட சதைப் பக்கம் உள்ள கீது ஸார். வழுக்கறப்பல்லாம் விசிறி நிக்குது, சூடு ஜாஸ்தியாவுது. மயிர் இருந்த பக்கம்தான் சக்கரத்தப் பிடிக்கும். சட்டையும் இப்படித்தான் திருப்பிப் போடுவீங்களா?"

அவரே வாரைத் திருப்பி மாட்டுகிறார். வண்டி பறக்கிறது, கோடு பாதியில் அசையாமல் நிற்கிறது. பழுதை நானே கண்டுபிடித்த கதை, சம்பந்திக்குச் சொல்வதற்காக, வேலூர் வருவதற்குள் தயாராகிவிடுகிறது.