பரமசிவம் கொண்டுவந்த கீழாநெல்லிக் கட்டு

சிராங்கூன் சாலை எருமைக் கொட்டகைகளுக்குப் பின்னால் கீழாநெல்லி பறித்து, வாரம் ஒரு சாக்கு எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருபவர் பரமசிவம். மருந்துச் செடிகளைச் சோதிக்கும் வெள்ளைக்காரத் துரைக்கு நான் உதவியாள். செடிகளின் லத்தீன் பெயர் தெரியும் என்று எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம். அதை இறக்கிவைத்தவர் அவர்தான்.

"பேரு கெடக்கட்டும் பாய். எலையத் திருப்பிப் பாருங்க," என்பார். நல்ல கீழாநெல்லிக்குப் பச்சைத் தண்டு. இலைக்கடியில் வழவழப்பான காய்கள் சிறு காம்பில் தொங்கும். பக்கத்திலேயே முளைக்கும் சிவப்புத் தண்டுச் செடிக்குக் காய் சொரசொரப்பு, காம்பு கிடையாது. பச்சையை உலர்த்திப் பொடித்து, சாராயத்தில் ஊறவைத்து வற்றவிட்டால் வெள்ளை ஊசிகள் படியும். நாக்கைச் சுருட்டும் கசப்பு. எங்கள் சோதனையில் சிவப்பிலிருந்து அது வந்ததே இல்லை.

1909இல் அவர் மனைவி சிவகாமசுந்தரிக்குக் காமாலை. அடைமழையில் ஓடிப்போய் ஒரு கட்டுப் பறித்துவந்தார். பாதியை வேரோடு அரைத்து மோரில் கொடுத்தார். ஐந்தாம் நாள் அவள் போய்விட்டாள். ஊருக்கே செடி காட்டும் மனுஷர், அன்றைக்கு மட்டும் இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஒன்பது மாதம் கழித்து மீதிப் பாதியைத் துணியில் முடிந்து எடுத்துவந்தார். இலையும் காயும் தூளாகி, தண்டு பழுப்பேறிக் கிடந்தது. கண்ணால் பார்த்து எதுவும் சொல்வதற்கில்லை.

"பச்சையா செவப்பான்னு சோதிச்சுச் சொல்லுங்க பாய்."

பாவம், குற்ற உணர்ச்சியில் மனுஷர் பாதியாகியிருந்தார். பச்சையாகவே இருக்கவேண்டும் என்று அல்லாவிடம் கேட்டுக்கொண்டேதான் ஊறவைத்தேன். நான்காம் நாள் கிண்ணத்தின் அடியில் வெள்ளை ஊசிகள். நாக்கில் வைத்தேன், கசந்தது. அவ்வளவு சந்தோஷத்தோடு நான் எந்தக் கசப்பையும் விழுங்கியதில்லை. உடனே கொட்டகைக்கு ஓடினேன்.

"அண்ணே, சரியான செடியத்தான் குடுத்திருக்கீங்க. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் முகம் தெளியவில்லை. கையிலிருந்த சாக்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஒம்பது மாசமா மனசுக்குள்ள தெனம் அந்த மழையில திரும்பிப் போறேன் பாய். எலையத் திருப்பிப் பாத்து, சரியானதாப் பறிச்சுக் குடுப்பேன். அவ எந்திரிச்சு ஒக்காருவா. இனிமே நான் எதப் பறிச்சுக் குடுக்க?"