கண்ணாடிக்கு வெளியே நின்ற பொத்தான்காரர்

அன்றைக்குக் காலையில் பொத்தான்காரர் ஒரு யானையின் சட்டைக்குப் பொத்தான் விற்றார். ஒவ்வொன்றும் தட்டு அகலம், மொத்தம் பன்னிரண்டு. சர்க்கஸ் மேனேஜர் நேரிலேயே வந்து வாங்கிக்கொண்டு போனார். யானையும் கூட வந்ததாம். வாசல் சின்னதாக இருந்ததால் மரியாதையாக வெளியிலேயே நின்றுவிட்டதாம்.

இதில் உண்மை எது என்று சலித்துப் பார்த்தால் மிஞ்சுவது காலை ஒன்றுதான். யானை இல்லை, மேனேஜர் இல்லை, பொத்தான் இல்லை. கடையே இல்லை. கடையை மூடிச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் மாடி ஒற்றை அறையில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, இந்த யானையைச் செல்போனுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அனுப்பிய மறு நிமிடமே கைதட்டல் வந்து குவிந்தது. சாவி வெட்டுகிறவர், குழுவில் எல்லோரும் 'சாவி' என்றே கூப்பிடும் ஆள், எழுதினார்: "சார், அடுத்த தடவ அந்த யானைக்குப் பூட்டு ஏதாவது வேணுமான்னு கேட்டு வைங்க."

குழுவின் பெயர் 'ஒற்றை ஆள் கடை'. வேலைக்கு ஆள் வைக்காமல், கூட்டாளி சேர்க்காமல், தானே முதலாளி தானே எடுபிடி என்று கடை நடத்துகிற நூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் இருந்தார்கள். பெரும்பாலும் ஊருக்கு ஒருவராக இருந்தவர்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. பெயரைக்கூட யாரும் கேட்டுக்கொள்வதில்லை, தொழில்தான் பெயர். ஆரம்பித்தவர் மெழுகுவத்தி அக்கா. அவர் வைத்த சட்டம் இரண்டு. காலை பத்து மணிக்குள் அவரவர் முதல் போணி என்னவென்று எழுத வேண்டும். கடையை மூடியவர் அன்றே குழுவை விட்டு விலக வேண்டும். "கடை இல்லாதவங்க கடைக்காரங்களுக்கு யோசனை சொல்றது, நீச்சல் தெரியாதவன் கரையில நின்னு கையைக் காலை ஆட்டுன்னு கத்துற மாதிரி" என்பது அக்காவின் வாதம்.

விலகுகிறவர்களுக்கு வழியனுப்பு பலமாக நடக்கும். பூங்கொத்துப் படங்கள் சரம் சரமாக வந்து விழும். பொத்தான்காரரும் மூன்று பேருக்குப் பூ அனுப்பியிருக்கிறார். ஒருவர் தொப்பிக் கடை, ஒருவர் மீன் தொட்டி. மூன்றாமவர் என்ன விற்றார் என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. தன் கடையை மூடிய அன்று அவர் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அந்த மூன்றாமவர்தான் காரணம்.

குழுவில் அவருக்கு இருந்த மதிப்போ மலையளவு. சோப்பு விற்கும் பெண் ஒருத்தி வியாபாரமே இல்லை என்று புலம்பியபோது, "ஃபேனைத் தெருப்பக்கம் திருப்பி வையும்மா, வாசனை வெளிய போய் ஆளைக் கூட்டிட்டு வரட்டும்" என்றார். அந்த வாரமே சோப்புத் தீர்ந்து, அலமாரியைத் துடைத்த துணியைக்கூட ஒருவர் விலைக்குக் கேட்டார் என்று கேள்வி. "பொத்தான் சார் சொன்னா பூட்டு தானா தொறந்துக்கும், அப்புறம் என் பொழப்பு என்ன ஆவறது?" என்று சாவி அலுத்துக்கொள்வார்.

இருபத்தாறு வருஷம் கடை நடத்திய மூளை அல்லவா? கடையில் இருநூற்று நாற்பது சின்ன இழுப்பறைகள் இருந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும், உள்ளே இருக்கும் ரகத்தில் ஒரு பொத்தானைத் தைத்து வைத்திருந்தார். இப்போது பொத்தான் அறுந்தால் ஜனங்கள் சட்டையையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மூடிய அன்று அத்தனை இழுப்பறைகளையும் பழைய சாமான் வண்டிக்காரர் ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு போனார்.

மனைவி போய் ஆறு வருஷம். மகன் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான்.

"அதான் கடையை மூடியாச்சேப்பா. நல்லா ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட் எடுக்க நான் என்ன செல்போனா? சொவத்துல மாட்டிவிட்டா சாயங்காலம் ஃபுல்லாயிடுவேனா?"

மருமகள் வாங்கி, "சாப்ட்டீங்களா மாமா?" என்பாள். "ஆச்சும்மா." அதற்குப் பிறகு மூன்று பேருக்கும் பேச்சுத் தட்டும். யார் முதலில் வைப்பது என்று ஒரு சங்கடம் நடக்கும். பாவம், பிள்ளைகள் நல்லவர்கள்தான். நல்லவர்களிடம் சண்டை போட்டும் பொழுதைப் போக்க முடியாது.

ஆறாம் மாதம் குழுவில் ஒரு புதுப்பெண் சேர்ந்தாள். நாய்களுக்கு முடி வெட்டி, குளிப்பாட்டி, நகம் சீவிவிடும் கடை. 'நாய் பார்லர்' என்று பெயர் வைத்தாயிற்று. அறிமுகத்துக்கு அவள் போட்ட படத்தைப் பார்த்ததும் பொத்தான்காரர் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அவள் முதுகுக்குப் பின்னால் தெரிந்தது அவருடைய சுவர். இருபத்தாறு வருஷம் சாய்ந்து சாய்ந்து அவர் தலை உண்டாக்கிய எண்ணெய்க் கறை, புதுப் பெயின்ட்டையும் மீறி லேசாகத் தெரிந்தது.

அவளுக்கு இவரைத் தெரியாது. குழுவில் இவர் முகத்துக்குப் பதில் நாலு ஓட்டைப் பொத்தான் படம்தான். இவருக்கு அவளைத் தெரியும். தினமும் பதினோரு மணிக்கு, காரணம் எதுவும் கேட்காமல், கால்கள் அவரை அந்தத் தெருவுக்குக் கொண்டுபோய்விடும். ஒரு பார்வை பார்ப்பார், நடையைக் கட்டுவார். அவ்வளவுதான். ஒருவருக்கும் தொந்தரவில்லை.

தொந்தரவு அவருடைய யோசனையால் வந்தது. ஒருநாள் அந்தப் பெண் குழுவில், "கடைக்கு ஆளே வரல, என்ன பண்றது?" என்று கேட்டாள். இவர் உடனே எழுதினார்: "வெட்டுற மேஜையை உள்ள ஒளிச்சு வைக்காதம்மா. ஜன்னலோரம் கொண்டா. சடையா வந்த நாய் மாப்பிள்ளையாட்டம் போறதத் தெருவே பார்க்கட்டும்."

மறுநாள் போய்ப் பார்த்தால் மேஜை ஜன்னலோரம் வந்திருந்தது. மேலே வெள்ளை நாய் ஒன்று, முகத்தில் பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும், தாடி மழிக்கப்போய் நடுவில் மனசு மாறியவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. பொத்தான்காரருக்குக் கால் நகரவில்லை. தான் சொன்ன ஒரு சொல் போய், ஒரு மேஜையைத் தூக்கி நகர்த்தியிருக்கிறது. ஏழு மாதத்தில் அவர் கையால் நடந்த காரியம் அது ஒன்றுதான். முக்கால் மணி நேரம் நின்றார். அடுத்த நாள் ஒரு மணி நேரம். நாய்கள் குரைத்தன. வரவேற்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் குழுவில் அவள் எழுதியது வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு பிரச்சனை. எங்க கடை ஜன்னல்கிட்ட தினம் ஒரு பெரியவர் வந்து நின்னு பார்த்துட்டே இருக்கார். ஒண்ணும் பண்ணல, பேசல. ஆனா நாய்ங்க மெரண்டு ஆடுது. நேத்து ஒண்ணுக்குக் காது ஓரம் கத்திரி பட்டுடுச்சு. அந்த வீட்டம்மா இனிமே வரமாட்டேன்னுட்டாங்க. பக்கத்துக் கடையில கேட்டா, முன்னாடி இங்க கடை வெச்சிருந்தவராம். என்ன பண்றது?"

பொத்தான்காரர் அதை இரண்டு தடவை படித்தார். காதில் கத்திரி பட்டது என்ற இடத்தில் மூன்றாம் தடவையும் படித்தார்.

யோசனைகள் மழையாகக் கொட்டின. கேமரா வை என்றார் ஒருவர். ஜன்னலுக்குத் திரை போடு என்றார் இன்னொருவர். "பாவம், ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வை" என்றாள் சோப்பு. சாவி கேட்டார்: "அவர் என்ன கடை வெச்சிருந்தாராம்?"

அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று திரை காட்டியது. மூன்று புள்ளிகள் துள்ளின. மாடியில் பொத்தான்காரருடைய நெஞ்சும் அதே தாளத்தில் துள்ளியது. 'பொத்தான் கடை' என்று அவள் ஒரு வார்த்தை எழுதினால் போதும், பூங்கொத்துகள் கிளம்பிவிடும். நாளைக்கு இந்நேரம், தொப்பிக்கும் மீன் தொட்டிக்கும் அடுத்தபடியாக அவரும் யாரோ.

"தெரியல. என்ன கடைன்னு கேக்கல. நான் வந்தப்ப காலியா இருந்துச்சு. பெருக்கும்போது மூலைல நாலஞ்சு பொத்தான் கெடந்துச்சு. தையல்காரரா இருக்கும்."

"தையல்காரர்னா நம்ம பொத்தான் சார்தான் ஸ்பெஷலிஸ்ட்" என்றார் மெழுகுவத்தி அக்கா. "அவர் காலம்பூரா அவங்களோடதானே பழகியிருக்கார். சார், எங்க இருக்கீங்க? நீங்க சொல்லுங்க."

நூற்றுப் பதினோரு பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவர் முதலில் எழுதியது இது: 'நிக்கட்டும், விட்டுடும்மா. வயசானவர்.' எழுதிவிட்டு விரலை அனுப்பும் இடத்துக்கு மேலேயே வைத்திருந்தார். அனுப்பினால் அவள் கேட்பாள். மேஜையை நகர்த்தியவள், இதையும் கேட்பாள். தெருவும் மிஞ்சும், குழுவும் மிஞ்சும். ஆனால் மூன்று மாதக் கடைக்கு ஒரு வாடிக்கை போவது என்றால் என்னவென்று இந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"நேரா சொல்லிடும்மா" என்று ஆரம்பித்தார். "கடையில யாரும் இல்லாத நேரமா வெளிய போ. 'தப்பா நினைக்காதீங்க'ன்னு மட்டும் ஆரம்பிக்காத. அதைக் கேட்டப்புறம்தான் ஆளுக்குத் தப்பாவே நினைக்கத் தோணும். நாய்க்கு என்ன ஆச்சுங்கறதச் சொல்லு. இங்க நிக்காதீங்கன்னு சொல்லு. ஒரே வாக்கியம். சொன்னப்புறம் மேல மேல பேசி மெழுகாத. உள்ள போயிடு. அவருக்குப் புரியும்."

"கோபப்பட்டா?" என்று கேட்டாள்.

"படமாட்டார்."

மறுநாள் போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருந்தால் விஷயம் தானே முடிந்துவிடும். ஆனால் அந்தப் பெண் ராத்திரியெல்லாம் வாக்கியத்தை மனப்பாடம் செய்திருப்பாள். நாளைக்கு வருவாரோ, மறுநாள் வருவாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு கத்திரி பிடிப்பாள். அது இன்னொரு காதுக்கு ஆபத்து. அதனால், தேதி சொல்லிவிட்ட பரீட்சைக்கு வாத்தியார் போகாமல் இருக்கக்கூடாது என்பதுபோல, தலை சீவிக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சரியாகப் பதினோரு மணிக்குப் போய் நின்றார். மேஜை காலியாக இருந்தது. நல்ல நேரம்தான் பார்த்திருக்கிறாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கிட்டத்தில் பார்த்தால், கண்ணாடி வழியாகத் தெரிந்ததைவிடச் சின்னப் பெண். ஏப்ரன் முழுக்க பழுப்பு முடி. கையில் சீப்பை வைக்க மறந்து எடுத்து வந்திருந்தாள்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க," என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பொத்தான்காரர், மேலே சொல்லு என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"நீங்க நின்னா நாய்ங்க பயப்படுதுங்கய்யா. ஒண்ணுக்கு அடிபட்டுடுச்சு. இங்க... இங்க நிக்காதீங்க."

"சரிம்மா."

இங்கே அவள் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. சொல்லிக் கொடுத்ததில் அதுதான் கஷ்டமான பாடம்.

"உங்க வீட்ல நாய் இருந்தா கூட்டிட்டு வாங்கய்யா. நல்லா பண்ணித் தரேன்."

"நாய் இல்லம்மா."

"பூனைக்கும் பண்ணுவேன்."

"பூனையும் இல்ல."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த இல்லாத மிருகங்களைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு பொத்தான்காரர், "அடிபட்ட காது ஆறிடுச்சா?" என்று கேட்டார். "ஆறிட்டு வருதுங்கய்யா" என்றாள். அவர் வந்த வழியே போகாமல், நேரே நடந்து, தெரு முனையில் திரும்பினார். அந்தப் பக்கம் அவருக்கு வேலை எதுவும் கிடையாது.

அறைக்கு வந்து சேர்வதற்குள் செய்தி வந்திருந்தது. "சொல்லிட்டேன் சார். ஒரு எடத்துல மட்டும் சொதப்பிட்டேன். ஆனா நீங்க சொன்ன மாதிரியே கோபமே படல." அதன் கீழே ஐம்பது பேர் கைதட்டியிருந்தார்கள். "நம்ம பொத்தான் சாரா, கொக்கா" என்று எழுதியிருந்தார் சாவி. பொத்தான்காரரும், எண்ணிக்கையில் தான் ஒருவர் குறைந்தால் யாராவது கவனித்துவிடப் போகிறார்களே என்று, தன் பங்குக்கு ஒரு கைதட்டலைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கால்கள் எழுந்தன. "எங்க?" என்று கேட்டு உட்கார வைத்தார்.

சனிக்கிழமை காலையில், குழுவில் அல்லாமல் அவருக்கு மட்டும், அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது.

"சார், நேத்து அவர் வரல. நாய்ங்க நிம்மதியா இருக்கு. ஆனா பதினோரு மணிக்கு நானே ரெண்டு தடவ ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். கேட்டதும் 'சரிம்மா'ன்னு மட்டும் சொன்னார் சார், அதுதான் ஒரு மாதிரி இருக்கு. எங்க போயிருப்பார்?"

"வீட்டுலதான் இருப்பார்" என்று பதில் எழுதினார்.

"எப்படி சார் அவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

ஏதாவது சொல்லலாம். யானைக்குச் சட்டை மாட்டியவருக்கு ஒரு பெரியவரை எங்காவது அனுப்பத் தெரியாதா? பூங்காவுக்கு அனுப்பலாம். பேரன் பேத்திகள் சூழ உட்கார வைக்கலாம். கடலோரம் ஒரு தங்கை வீட்டுக்கு ரயிலேற்றிவிடலாம். ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எதையும் எழுத மனம் வரவில்லை. அந்தப் பெண் தன்னைத் தேடி இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள் என்பது பொய் கலக்காத செய்தி; அதற்குப் பொய்யான பதில் அனுப்ப அவருக்குக் கை கூசியது.

"நான் இப்ப வீட்டுலதாம்மா இருக்கேன். அதான் தெரியும். அந்தப் பொத்தானெல்லாம் என்னோடதுதான்."

அனுப்பிவிட்டார். அவள் படித்துவிட்டாள் என்று காட்டியது. எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினாள். மறுபடி நின்றது. பிறகு ஒன்றும் இல்லை.

குழுவுக்குள் போய்ப் பார்த்தார். சோப்பு, மழையில் நனைந்த அட்டைப் பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். சாவி அதற்கு ஒரு கிண்டல் சொல்லியிருந்தார். பூங்கொத்து எதுவும் வரவில்லை. உறுப்பினர் பட்டியலைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். அவர் பெயர் அங்கேயே இருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் பார்த்தார், சாயங்காலம் பார்த்தார். சனிக்கிழமை ஆயிற்றே, நிறைய நாய்கள் வந்திருக்கும், கை ஓய்ந்திருக்காது என்று நினைத்துக்கொண்டார். சோப்புப் பெண்ணுக்கு, பெட்டிகளைப் பிரித்து நிழலில் காயப்போடச் சொல்லி எழுதினார்.